பரணிலிருந்து மண்டபத்துக்கு: வன்னிப் பாடகர் குழு கடல் கடக்கும்போது

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை கூரைக்குக் கீழே பிறந்தவை அல்ல. பயிரை அழிக்க வரும் பன்றியையும் குருவியையும் முன்னிட்டு எழுந்த பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வயலுக்கும் காவற்பரணுக்கும் உரியவை. அருவி வெட்டுப் பாட்டு, குனிந்த முதுகோடு வரிசையாக நகர்பவர்களுடையது. கும்மி கோயில் வீதியில். கூத்து வட்டக்களரியில், அதாவது திறந்த வெளியில் அமைந்த வட்ட ஆடுகளத்தில், விடியும்வரை. இவற்றைப் பாடிப் பழகிய குரலுக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. நாலு வயல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதே அதற்குத் தெரிந்த கணக்கு.

அந்தக் குரல் இருபது பேராகச் சேர்ந்து விமானம் ஏறி, பாரிசின் புறநகர் மண்டபம் ஒன்றிலோ, சூரிச்சில் ஒரு தேவாலயத்திலோ, ஸ்காபரோவில் ஒரு பாடசாலை அரங்கிலோ போய் நிற்கும்போது முதல் அடியிலேயே கைதட்டல் எழுகிறது. சிலர் அழுகிறார்கள். நிகழ்ச்சி முடிய மேடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்கிறார்கள். இந்தக் கைதட்டலில் எவ்வளவு பாட்டுக்கு, எவ்வளவு ஊருக்கு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஊருக்காகக் கைதட்டுவதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகும் குழு, தமிழ் தெரியாத சபை ஒன்றின் முன் நிற்கும் அன்று தடுமாறும். அந்த அன்றைக்கான வேலை மேடைக்கு ஆறு மாதம் முன்பே, முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்குகிறது.

எதை, எப்படிப் பாடுவது

வெளிநாடு என்றதும் முதலில் வரும் ஆசை, பாட்டை நாலு குரலாகப் பிரிப்பது. மன்னாரிலும் வன்னியிலும் தேவாலயப் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்களுக்கு சொப்றானோ, அல்ற்றோ (பெண் குரல்கள்), ரெனர், பேஸ் (ஆண் குரல்கள்) என்ற பிரிவு பழக்கமானது. மேலைநாட்டு மெட்டில் அமைந்த திருப்பாடல்களுக்கு அது பொருந்தும். நம் மெட்டுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது, அதற்குக் காரணமும் தெளிவானது. மாயாமாளவகௌளை ராகத்தின் சாயலில் போகும் ஒரு விருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலைநாட்டு முறையில் பஞ்சமத்தின் மேல் ஒரு மேஜர் கோர்ட் (மூன்று சுரங்களின் கூட்டொலி) வைத்தால், அது சற்று உயர்ந்த சதுஸ்ருதி ரிஷபத்தைக் கேட்கும். ராகத்தில் இருப்பதோ தாழ்ந்த சுத்த ரிஷபம். ஒன்றை வைத்தால் ராகம் கெடும். மற்றதை வைத்தால் கோர்ட் கெடும். அதற்கு மேல் கமகம் வேறு. அசைந்துகொண்டிருக்கும் ஒரு சுரத்துக்கு அசையாத மூன்றாம் சுரத்தைத் துணை வைத்தால் இரண்டும் மோதிக்கொண்டே போகும்.

கூத்தே இதற்கு வழி வைத்திருக்கிறது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திப் பாடுவார்கள். ஏந்துகிறவர்கள் முந்தைய அடி முடியுமுன்பே, கடைசி இரண்டு எண்ணிக்கையில் உள்ளே நுழைந்தால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எந்தச் சுரமும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. இதோடு இன்னும் மூன்று உத்திகள் போதும். ஒன்று, தாழ்ந்த ஆண் குரல்கள் ச–ப (சட்ஜம், பஞ்சமம்) சுரங்களைப் பிடித்து நிற்பது. இரண்டு, ஒரு பிரிவு "தந்தனத் தானானே" போன்ற சிறு துண்டைத் தாளத்தோடு திரும்பத் திரும்பச் சொல்ல, மற்றப் பிரிவு மேலே பாட்டைக் கொண்டுபோவது. மூன்று, அதே மெட்டை ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பிந்தித் தொடங்குவது. கடைசியது மோகனம் போன்ற ஐந்து சுர மெட்டுகளில் மட்டுமே சுத்தமாக வரும். அரைச்சுர இடைவெளி உள்ள மெட்டில் பிந்திய குரலும் முந்திய குரலும் எங்காவது பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் முட்டிக்கொள்ளும். எல்லாப் பாட்டிலும் எல்லா உத்தியையும் போடுகிற குழுக்களும் உண்டு. இரண்டு பாட்டுக்குள் சபை களைத்துவிடும்.

கொண்டுபோகாமல் விடவேண்டியவையும் இருக்கின்றன. கண்ணகி அம்மன் கோயில்களில் நேர்த்தியோடு படிக்கப்படும் சிலம்பு கூறல் அந்தச் சன்னிதிக்கு உரியது. கோவலன் கூத்திலிருந்து ஒரு பகுதியை மேடைக்கு எடுப்பது வேறு, சடங்குப் பாடலை எடுப்பது வேறு. ஊர்ப் பெரியவர்களிடமும் கோயிற் பூசகரான கட்டாடியாரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், திரும்பி வரும்போது வீண் மனத்தாங்கல் இராது.

சுருதிக் கணக்கு

கட்டை என்பது ஆதார சுரமான சட்ஜத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதன் அளவு. ஆண்கள் சாதாரணமாக 1 கட்டையில், பெண்கள் 5 கட்டையில் வசதியாகப் பாடுவார்கள். கலப்புக் குழுவில் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் பிடித்து எல்லோரையும் அதில் தள்ளினால், ஆண்கள் மேலே கத்துவார்கள், பெண்கள் கீழே முனகுவார்கள்.

பாட்டின் வீச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கும்மி, வெட்டுப்பாட்டு, பள்ளு ஆகியவற்றில் பல ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும். அவற்றை 1 அல்லது 1½ கட்டையில் வைத்து, பெண்கள் பாடுவதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆண்கள் பாடலாம். இருவருக்கும் சிரமம் இல்லை. விருத்தம் நீண்டு ஓடும், அதைக் கூட்டாகப் பாட முயலக் கூடாது. ஆண் குரல் 1 கட்டையில் விருத்தம் பாடி முடிய, பெண்கள் 5 கட்டையில் பதில் சொல்லலாம். ஆணின் பஞ்சமமே பெண்ணின் சட்ஜம் ஆகிறது. சுருதிப் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. 1 கட்டையில் ஒலிக்கும் ச–ப, 5 கட்டைக்காரருக்கு மத்திம (ச–ம) சுருதியாக நிற்கும்.

வாத்தியமில்லாமல் பாடும் குழு மெல்ல மெல்லச் சுருதி இறங்கும். இறங்கும் வரிகளில் ஒவ்வொருவரும் ஒரு மயிரிழை அதிகமாக இறங்கி, ஏறும் வரியில் அதே அளவு ஏறாமல் விடுவதே முதன்மைக் காரணம். களைப்பும் மூச்சுக் குறைவும் அதைக் கூட்டும். பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் சட்ஜத்தைக் கைபேசிச் சுருதியோடு ஒப்பிட்டு ஒரு கொப்பியில் குறித்து வந்தால், எந்தப் பாட்டின் எந்த வரி பள்ளம் என்று இரண்டு கிழமையில் தெரிந்துவிடும். அந்த வரியை மட்டும் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பாடிப் பழக வேண்டும்.

ஒத்திகை பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. உறுப்பினர்கள் ஒட்டுசுட்டானில் ஒருவர், புதுக்குடியிருப்பில் இருவர், மல்லாவியில் ஒருவர் என்று சிதறியிருப்பார்கள். பின்னேரம் வைத்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவதியில் பாதி நேரம் போய்விடும். சனி, ஞாயிறு காலை 8 மணி முதல் 12 மணி வரை வைப்பது நல்லது. இடையில் ஒவ்வொரு பிரிவின் பாட்டையும் தனியாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீட்டு வேலையோடு கேட்டுப் பழகுவார்கள். முழுப் பாட்டையும் அனுப்பினால் எல்லோரும் மேல்குரலையே பழகிக்கொண்டு வருவார்கள்.

கடதாசி வேலை

குழுக்கள் அதிகம் உடைவது இந்த இடத்தில்தான். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டிய பத்திரங்களில் சிக்கல் இருக்கும். 2008–2009 போர்க்கால இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதி எடுத்திருப்பார்கள். அந்தப் பிரதியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடியிருந்தாலும் விசா அதிகாரிக்கு அது இன்னோர் ஆள். இதைத் திருத்த மாதக்கணக்கு ஆகலாம். ஆகவே குழுவுக்கு ஆள் சேர்க்கும் முதல் நாளே இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பதில் பயணச்சீட்டு எடுப்பவரும் தடுமாறுவார். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அப்படியே சீட்டிலும் இருக்க வேண்டும்.

பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் ஒரே செங்கன் விசாவுக்குள் வருகின்றன. பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் தனித்தனி விசா. செங்கனுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் இறங்கும் நாட்டிடம். பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக் கூடாது. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. இருபது பேருக்கு 1,800 யூரோ, சேவை நிலையக் கட்டணம் இதற்கு மேல். இலாப நோக்கற்ற அமைப்பின் சார்பில், அத்தகைய அமைப்பு நடத்தும் பண்பாட்டு நிகழ்வுக்குப் போகும் 25 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் கட்டண விலக்கு உண்டு. கேட்காவிட்டால் யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள். கனடாவில் கைரேகைக் கட்டணம் ஆளுக்கு 85 டொலர். மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்ட கலைக்குழுவாக ஒரே நேரத்தில் வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தால் முழுக் குழுவுக்கும் உச்சம் 255 டொலர். தனித்தனியாகப் போட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

அழைப்புக் கடிதத்தில் மண்டப முகவரி, நிகழ்ச்சித் திகதி, தங்கும் வீடுகள், செலவு யாருடையது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சியா, பாடுபவர்களுக்குப் பணம் கொடுக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்து, சில நாடுகளில் வேலை அனுமதியும் கேட்கப்படலாம். மாணவர் இருந்தால் இரண்டு பெற்றோரின் கையொப்பம். அரச ஆசிரியர் இருந்தால் வெளிநாட்டு விடுமுறை அனுமதி.

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுப்பு வரும். திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லை என்பதே அடிக்கடி சொல்லப்படும் காரணம். கலைக்குழு என்று போய்த் திரும்பாமல் நின்றவர்களின் சுமை, அடுத்துப் போகிற குழுவின் தலையில் விழுகிறது. நிரந்தர வேலைக் கடிதம், வயற்காணி உறுதி, வங்கிக் கணக்கின் ஆறு மாதப் பதிவு என்பன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். அதைவிட முக்கியம், குழுவை உடைய விடாமல் அமைப்பது. 11 பெண்கள், 6 ஆண்கள், 3 வாத்தியக்காரர் என்றால், எந்த நாலு பேருக்கு விசா கிடைக்காவிட்டாலும் நிகழ்ச்சி நடக்க வேண்டும். ஒவ்வொரு தனிப்பாட்டுக்கும் இருவர் தயார். உடுக்கு அடிப்பவருக்கு மிருதங்கம் தெரிந்திருக்க வேண்டும். ஒரேயொரு அண்ணாவியாரை நம்பிய குழு, அவருக்கு மறுப்பு வந்ததும் சீட்டுக் காசை இழந்து வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மாதத் தெரிவும் இதோடு சேர்ந்தது. அங்கே மண்டபம் நிறைவது ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையில். இங்கே அது சிறுபோக (இடைக்கால நெற்பயிர்) வெட்டுக் காலத்தோடும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவோடும் முட்டும். கமக்காரர் அதிகமுள்ள குழுவுக்கு, காலபோக (மாரிக்கால நெற்பயிர்) வெட்டு முடிந்து கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிப் பொங்கலுக்கு முன் வரும் சித்திரை நாட்கள் வாய்ப்பானவை.

தோலும் குழலும்

மிருதங்கம், ஆர்மோனியம், தபேலா ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அரங்கேற்றப் பண்பாடு ஆழ வேரூன்றிய இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ போன்ற நகரங்களில் இரவலுக்குக் கிடைக்கும். சுருதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கொண்டுபோக வேண்டியவை உடுக்கும் சல்லரியும் ஊர்ப் பறையும். கஞ்சிராவில் கவனம்: பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலில் கட்டியவை. உடும்பு, அனைத்துலக வணிகம் தடுக்கப்பட்ட உயிரினங்களின் முதற் பட்டியலில் இருக்கிறது. சுங்கத்தில் பிடிபட்டால் வாத்தியம் போவதோடு நிற்காது. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கட்டியதையே எடுங்கள். அவுஸ்திரேலியா போவதானால் எல்லாத் தோலையும் மரத்தையும் அறிவிக்க வேண்டும். மயிர் ஒட்டிய பச்சைத் தோல், பூச்சித் துளையுள்ள மரம் என்றால் தடுத்து வைப்பார்கள்.

போய்ச் சேர்ந்த பின் வருவது இயற்பியல். வன்னியின் 32 பாகை வெப்பத்தில் சுருதி சேர்த்த புல்லாங்குழல், 18 பாகை மண்டபத்தில் கணக்குப்படி அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இறங்கும், குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போவதால். ஊதுபவரின் மூச்சுக் குழலைச் சூடாக்க ஓரளவு மீளும். தோல் வாத்தியமோ எதிர்த் திசையில் போகும். சூடேற்றிய மண்டபத்தின் உலர்ந்த காற்றில் ஈரம் வற்றித் தோல் இறுகி, சுருதி ஏறும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, நடுவில் பாடகர் யாரைப் பிடிப்பது? வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து, நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே மேடையில் வைத்துவிட வேண்டும். வாகனத்திலிருந்து நேரே மேடைக்குப் போன மத்தளம் மூன்றாம் பாட்டில் தன் குணத்தைக் காட்டும்.

மேடையில் கர்ப்பூரம், பந்தம், சாம்பிராணி என்ற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். புகை உணரி ஒலித்து மண்டபம் காலியாகி, தீயணைப்பு வாகனம் வந்தால் அதன் செலவு ஏற்பாட்டாளர் தலையில் விழலாம்.

தொண்டையும் நேரமும்

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதன் 10 முதல் 20 வீதம். நம் ஊர்க் காற்றில் வளர்ந்த தொண்டைக்கு அது பாலைவனம். மணிக்கொரு தரம் தண்ணீர், தேநீரும் கோப்பியும் குறைவு, போய் இறங்கிய அன்று பாட்டு இல்லை.

கோடையில் ரொறன்ரோ இரவு 7 மணி என்பது இங்கே அடுத்த நாள் அதிகாலை 4.30. இலண்டன் 7 மணி இங்கே 11.30, பாரிசும் சூரிச்சும் 10.30. உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஒத்துவரும். ஆகவே ஐரோப்பாவை முதலிலும் கனடாவைப் பிறகும் வைத்தால் குரல் படிப்படியாகப் பழகும். கூத்துக்காரருக்கு இதில் ஒரு கொடுப்பினை: விடியப்புறம் நாலரைக்குப் பாடுவது அவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் குரலைக் கெடுப்பதில் குளிரையும் நேர மாற்றத்தையும் வெல்வது உபசரிப்பு. இருபது பேரும் ஐந்தாறு வீடுகளில் தங்குவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரவு பன்னிரண்டு வரை ஊர்க்கதை, உறைப்புக் கறி, அதற்குப் பின் படுக்கை. நேரம் பிந்தி உண்ட உறைப்பு, படுத்ததும் அமிலமாக மேலேறித் தொண்டையை அரிக்கும். விடியக் குரல் கம்மும். பகல் முழுக்க வாகனத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகப் பேச்சு வேறு. நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு 8 மணிக்குள் சாப்பாடு, 10 மணிக்குள் படுக்கை என்று ஏற்பாட்டாளர் மூலமாகவே வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். பாடுபவர் தாமே சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும்.

மண்டபத்தில்

கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்றில் எதிரொலி 4 விநாடி நிற்கலாம். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கையில் ஓடும் கும்மியில், அந்த 4 விநாடிக்குள் எட்டு எண்ணிக்கை ஒன்றன்மேல் ஒன்று விழும். வல்லினம் கரைந்து, சொல் குழம்பி, வெறும் உயிரெழுத்து மிதக்கும். அங்கே வேகத்தைக் கால் பங்கு குறைக்க வேண்டும், அடி முடிவில் சுரத்தை நீட்டாமல் வெட்ட வேண்டும், பறையை விரல் நுனியால் வாசிக்க வேண்டும். விருத்தத்துக்கும் தாலாட்டுக்கும் அதே தேவாலயம் வரம். கம்பளம் விரித்த பாடசாலை அரங்கில் நிலைமை தலைகீழ்: எதிரொலியே இல்லை, பாடுபவருக்குத் தன் குரல் கேட்காது, உடனே கத்தத் தொடங்குவார். ஊரிலேயே பழகலாம். ஒரு நாள் தகரக்கொட்டில் பாடசாலை மண்டபத்திலும், ஒரு நாள் பெரிய கோவில் ஒன்றின் உள்ளேயும், ஒரு நாள் வெளி முற்றத்திலும் ஒரே பாட்டைப் பாடிப் பார்க்க வேண்டும். ஒரு தரம் கைதட்டி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

நிற்பது நெருக்கமாக, மூன்று வளைவுகளில். மேடை அகலம் என்பதற்காக 12 மீற்றர் நீளத்துக்கு ஒரே வரிசையில் நிறுத்தினால், ஒரு நுனியின் குரல் மறு நுனிக்குப் போக 35 மில்லிவிநாடி ஆகும். தாளம் இழுபடுவதற்கு அதுவே போதும்.

மைக்கை ஆளுக்கொன்றாகக் கேட்கக் கூடாது. குழுவுக்கு முன்னால் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, தலைக்கு மேலான உயரத்தில் இரண்டு கொண்டென்சர் மைக், தனிப்பாட்டுக்கு ஒன்று. ஒலியமைப்பாளர் திரைப்பாட்டு நிகழ்ச்சிகளில் பழகியவராக இருப்பார். கேட்காமலே எக்கோ போடுவார், பறைக்குத் தனி மைக் வைப்பார். பறைக்கு மைக் தேவையே இல்லை.

நிகழ்ச்சி நிரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழைப்பிதழில் மாலை 5 மணி என்றால் விளக்கேற்றல் 6 மணிக்கு. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, அனுசரணையாளர் பெயர்கள். மண்டபத்தைக் குறித்த மணிக்கு ஒப்படைக்காவிட்டால் தண்டம். வெட்டு எங்கே விழும் என்பது தெரிந்ததே. ஆகவே 90 நிமிட நிரல் ஒன்றும் 55 நிமிட நிரல் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டினாலும் சுருதி மாற்றம் குழம்பாதபடி முன்பே ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பரண் தெரியாது, பன்றியை வெருட்டுவதும் தெரியாது. பாட்டுக்கு முன் அரை நிமிடம் சொன்னால் போதும்; மூன்று நிமிடம் சொன்னால் உரையாகிவிடும். திரையில் இரண்டு மொழியில் வரிகள் ஓடினால் இன்னும் நல்லது. தமிழ்ச் சபை முதல் அடியிலேயே கைதட்டும், அந்தச் சத்தத்தில் இரண்டாம் அடி போய்விடும். எனவே இரண்டாம் அடியைத் திரும்பப் பாடும்படி அமைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரர் நிறைந்த தேவாலயத்தில் பாட்டு முடிந்த பிறகும் சில விநாடி அமைதி இருக்கும். பிடிக்கவில்லை என்று பயந்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிடக் கூடாது. எதிரொலி அடங்கக் காத்திருக்கிறார்கள்.

ஒவ்வோர் இரவும் மூன்றாம் வரிசைக் கதிரையில் ஒரு கைபேசியை வைத்துப் பதிந்து, அடுத்த நாள் காலையில் வாகனத்தில் போகும்போது கைதட்டலைத் தாண்டித் தாண்டிக் கேளுங்கள். அனேகமாக ஒரே இடம்தான் பிடிபடும்: கும்மியின் கடைசிச் சரணத்தில் சபை தாளம் தட்டத் தொடங்கியதும் குழுவும் அதோடு ஓடிப்போய், பறைக்காரர் மட்டும் பின்னால் நின்று இழுத்துக்கொண்டிருப்பார்.